நான்காவது பெயர்

பாபநாசம்,
தை, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வானதிக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருந்தால் போதும். சம்பா அறுப்பு முடிந்தது, கண்டுமுதல் மோசமில்லை, ஆனால் வீட்டில்தான் யாருக்கும் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள்.

பட்டாளத்தில் சேர்ந்து சண்டையில் போன நம் பக்கத்துப் பிள்ளைகள் நால்வருக்கும் நினைவு மண்டபம் கட்டினார்கள் அல்லவா, எந்த மதத்தாரும் உட்கார்ந்து வேண்டிக்கொள்ள ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு கருங்கல். பாலம் தகர்ந்து ஆற்றோடு போன உன் அண்ணனின் உடல் கிடைக்கவில்லை என்பதால் அவன் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். ஊர் அவனை மறந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அவளிடம் மூன்று பெயர்தான் என்று பொய் சொல்லிவிட்டு, நான்காவதாக அவன் பெயரை, ராஜராஜன் என்று எழுதி, மண்டபம் கட்டுகிறவர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திறப்பு விழாவுக்கு வரமாட்டாள் என்று நினைத்தது என் மடத்தனம், அந்த நால்வரில் ஒருவனான ஜாஹிதின் அம்மாவுக்குத் துணையாக வந்துவிட்டாள். மற்ற மூன்று பெயரையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணன் பெயருக்கு நான் போட்ட மாலையை மட்டும் எடுத்துவிட்டு, "எம்புள்ள இன்னும் வந்து சேரல, அவ்வளவுதான். அதுக்குள்ள மாலையப் போட்டுட்டீங்களே" என்றாள். கத்தியிருந்தால் தேவலை. அதிலிருந்து ஒன்பது நாள் என்னோடு பேச்சில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். பெயரைப் போடச் சொல்லி நீயும் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, பழி என்னோடு போகட்டும்.

நேற்று தை அமாவாசை. பெயரைக் கல்லில் போட்டாகிவிட்டது, அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடுவோம் என்று யாருக்கும் சொல்லாமல் திருவையாறு படித்துறைக்குப் போனேன். அவன் எனக்குச் செய்ய வேண்டியதை நான் அவனுக்குச் செய்யப் போகிறேனே என்று பஸ்ஸில் வழியெல்லாம் அதே நினைப்பு. ஐயர் தர்ப்பையைக் கொடுத்துவிட்டு, "யாருக்குங்க, பேரைச் சொல்லுங்க" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்தப் பெயர் வாயில் வரவில்லை. என் அப்பா பெயரைச் சொல்லி இறைத்துவிட்டு வந்துவிட்டேன். ஈர வேட்டியைப் பார்த்ததும் அம்மா வாய் திறந்தாள், யாருக்கு இறைத்தீர்கள் என்று கேட்டாள். "எங்க அப்பாவுக்கு" என்றேன். இந்த முறை பொய் இல்லை. அவள் இலை போட்டுப் பரிமாறி, எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

போன் பேசும்போது மண்டபத்தைப் பற்றி நீயாகப் பேச்சை எடுக்காதே, மறந்துவிடாதே. ஐயாறப்பன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். எல்லாரும் நூறு வயது இருங்கள். எனக்கு முன்னால் இனி யாரும் போகக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
தியாகேசன்