பதிமூணாம் மரத்துலேர்ந்து இருபத்துநாலாம் மரம் வரைக்கும்

அன்புள்ள பெரியவனுக்கு, உங்கப்பன் எழுதறது. நான் நல்லா இருக்கேன், உங்கம்மா நல்லா இருக்கா, அவ இடது முட்டி மட்டும் அவளோட பேச்சுவார்த்தை இல்லாம தனிக்குடித்தனம் நடத்துது. நீயும் மருமகளும் என் பேத்தியும் முட்டி உள்பட எல்லாம் சுகமா இருக்கணும். பேத்திக்கு முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சுன்னு மருமக சொன்னா. எனக்கும்தான் விழுந்துடுச்சு, அவளுக்குத் திரும்ப முளைக்கும், எனக்கு முளைக்காது, மத்தபடி நாங்க ரெண்டு பேரும் ஒரே வயசு. உன்னை ஆபீஸ்ல மேல ஏத்தியிருக்காங்களாமே, அஞ்சாவது மாடியிலேர்ந்து ஏழாவது மாடிக்கு. ஏறினது நீயா லிஃப்டான்னு உங்கம்மா கேக்கறா. நான் கேட்டேன்னு எழுதாதீங்கன்னும் சொன்னா, எழுதிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். போன ஞாயித்துக்கிழமை போன்ல நீ ஒரு வார்த்தை சொன்ன. உங்க ஆபீஸ்ல குடுத்த காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இங்க வந்துடுங்கப்பா, மரந்தானே, வயசானா யாருக்கும் கை தவறும், ஒருவேளை நீங்களே குச்சியை மாத்தி ஒட்டியிருப்பீங்கன்னு. நான் சரிடான்னு வெச்சிட்டேன். யாருங்கன்னு உங்கம்மா கேட்டா, ராங் நம்பர்னேன். இதுக்குப் பதிலை போன்ல சொன்னா நீ நடுவுல மீட்டிங்குன்னு ஓடிடுவ. கடிதாசியை விட்டு ஓட முடியாது, அதனால உக்காந்து படி.

உனக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனா ஏழாவது மாடியில காத்து மெல்லிசா இருக்கும், மறந்திருப்ப, அதனால முதல்லேர்ந்து சொல்றேன். எங்க பழமர ஆராய்ச்சித் தோட்டத்துல முப்பத்தொம்பது வருஷமா நான் ஒட்டு கட்டறவன், ஒரு மரத்துக் குச்சியை வெட்டி இன்னொரு கன்னுல சேத்துக் கட்டி வளர வெக்கறவன். நீ ஸ்கூல் போன காலத்துல நூறு ஆரஞ்சுக் குச்சியைப் பெட்டியில போட்டு கதிர் காட்டற எடத்துக்கு அனுப்பினாங்க. எக்ஸ்ரே மாதிரிதான், ஆனா அதைவிட முரட்டுக் கதிர். அது குச்சிக்குள்ள பூந்து ஜீன்ல இருக்கற எழுத்தை அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு தட்டி மாத்திடும். எது நல்லதா வரும், எது நாசமாப் போகும்னு அனுப்பினவனுக்கும் தெரியாது, கதிர் காட்டினவனுக்கும் தெரியாது. திரும்பி வந்த நூத்தையும் நான்தான் ஒட்டினேன். அறுபது செத்துச்சு. மீதி கோணலும் மாணலுமா வந்துச்சு. ஒண்ணு இலையே விடாம மூணு வருஷம் முறைச்சுக்கிட்டு நின்னுது, உன் சித்தப்பா மாதிரி. ஒண்ணே ஒண்ணு மட்டும் விதையில்லாத பழம் குடுத்துச்சு, நகம் பட்டா உரியற தோலு, நிறைய சாறு. அதுதான் எங்க தாய்மரம்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்தத் தாய்மரத்துலேர்ந்து ஒரே காலையில ஒரே கத்தியால இருபத்துநாலு குச்சி வெட்டினேன். வெட்டின அன்னிக்கே ஒட்டணும், அதுதான் முறை. பன்னெண்டு ஒட்டி முடிச்சிருந்தேன், டைரக்டர் ஓடி வந்தான். இவனுக்கு நாங்க வெச்ச பேரு சதவீதம். டீ சூடா இருக்கா சார்னு கேட்டா எழுபது சதவீதம்னு சொல்ற ஜென்மம். மரத்துல எது வேர் எது கிளைன்னு கேட்டா மட்டும் பதில் வராது. நிறுத்து நிறுத்துன்னான். மேலிடத்துலேர்ந்து ஒரு விருந்தாளி வராராம், அவர் கையால ஒட்டினா போட்டோ நல்லா இருக்குமாம், மீதிப் பன்னெண்டை எடுத்து வையின்னான். எத்தனை நாளுக்கு சார்னேன், ரெண்டே நாளுன்னான். ஈரச்சாக்குல சுத்தி சோதனைக்கூடத்து ஃப்ரிட்ஜுல வெச்சேன். விருந்தாளிக்கு முதல்ல சளி, அப்புறம் மச்சினன் கல்யாணம், அப்புறம் மறுபடி சளி. நாப்பத்தொரு நாள் ஆச்சுடா. குச்சி வீணாப் போயிடும் சார்னு தெனம் போய் நின்னேன். தொண்ணூறு சதவீதம் தாங்கும்னு தலையைத் தூக்காமலே சொன்னான். கடைசியில விருந்தாளி வந்தாரு, ஒட்டுக் கத்தியைச் சாதக்கரண்டி மாதிரி பிடிச்சாரு, நான் குத்துக்கால் போட்டு உக்காந்து அவர் கையைப் பிடிச்சு வெட்ட வெச்சேன். போட்டோல என் தலை வரலை, கை மட்டும் வந்திருக்கு. அவர் கார் கிளம்பினதும் அவர் கட்டின கட்டைப் பிரிச்சுத் திரும்பக் கட்டினேன், மீதிப் பதினொண்ணையும் ஒட்டினேன். பன்னெண்டும் பொழைச்சுது.

இப்போ மரத்துக்குக் காய்க்கிற வயசு. ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் தாயை உரிச்சு வெச்சிருக்கு. பதிமூணுலேர்ந்து இருபத்துநாலு வரைக்கும் ஒரு மாசம் பிந்திப் பூக்குது, பழம் சின்னது, தோலு செருப்பு மாதிரி. ரெண்டு வருஷமா இதே கதை. ஒரு குச்சி மாதிரியே எல்லாக் குச்சியும் வரும்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச சதவீதத்துக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னு சொல்வான், இவன் கூடத்தைக் கட்டின கொத்தனாருக்குக் கண்ணு தெரியலைன்னுட்டான். கிழவன் வேற ஏதோ மரத்துக் குச்சியைக் கலந்துட்டான், பன்னெண்டையும் வெட்டி எறிஞ்சிடலாம்னு மேலிடத்துக்கு எழுதிட்டு எங்கிட்ட ஒரு காகிதத்தை நீட்டினான். நான் தவறுதலா மாத்தி ஒட்டிட்டேன்னு ஒத்துக்கணும், ஒத்துக்கிட்டா ஓய்வுக்கு இருக்கற ஆறு மாசமும் எனக்குத் தொந்தரவு இருக்காதாம். வெளக்கெண்ணெய்க்குக் கருணை வேற. அந்தக் காகிதத்துலதான் நீ கையெழுத்துப் போடச் சொன்ன.

உன்னை மட்டும் சொல்லிக் குத்தமில்லை, உண்மையைச் சொல்லிடறேன், ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்துச்சு. நேரா பதிமூணாம் மரத்துக்கிட்ட போனேன், மண்டி போட்டு ஒட்டுத் தழும்பைத் தடவிப் பாத்தேன், அப்புறம் பதினாலு, பதினஞ்சு, இருபத்துநாலு வரைக்கும். எழுந்திருக்க முடியலை, மரத்தையே பிடிச்சுக்கிட்டு எழுந்தேன். வெட்டு என் வெட்டுதான், ஆனா குச்சி எந்த மரத்துக் குச்சின்னு தழும்பு சொல்லாதே.

சோதனைக்கூடத்துல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா, மூஞ்சியை விடப் பெரிய கண்ணாடி போட்டவ, கண்ணாடிக்காரின்னு வெச்சுக்கோ. அவகிட்ட போய் இந்தக் குச்சிங்க எவனுக்குப் பொறந்துதுன்னு பாத்துச் சொல்லும்மான்னேன். இருபத்துநாலு மரத்துலயும் தாய்மரத்துலயும் இலை பறிச்சுட்டுப் போனா. நாலு வாரம் கழிச்சு வந்து, ஐயா, எல்லாம் ஒரே ஜீன், வேற மரத்துது ஒண்ணுகூட இல்லைன்னா. எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு, வயசை நெனச்சு உக்காந்துட்டேன். சதவீதம் கேட்டுட்டு மெஷின் நாப்பது சதவீதம் பொய் சொல்லும்னான். ஒரே ஜீன்னா எதுக்கு வேற மாதிரி காய்க்குது, சொல்லுன்னான். அவன் வாழ்க்கையில கேட்ட ஒரே நல்ல கேள்வி அது, அதையும் திட்டறதுக்குத்தான் கேட்டான்.

அந்தப் பொண்ணு வீம்புக்காரி, இன்னொரு சோதனை போட்டா. எனக்கு அவ சொன்னதை உனக்குச் சொல்றேன், நீ படிச்சவன், சிரிக்காதே. ஜீன்ங்கறது ஒரு புஸ்தகம் மாதிரின்னா. நான் அஞ்சாங்கிளாசுல புஸ்தகத்தை விட்டு ஓடி வந்தவன், இங்கயும் அதுதானான்னேன். கேளுங்க ஐயான்னு மேஜை மேல இருந்த ஸ்டேப்ளரை எடுத்தா. ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே புஸ்தகம், ஒரு எழுத்து மாறலை. ஆனா உங்க பதிமூணு முதல் இருபத்துநாலு வரைக்கும் சில பக்கத்தைச் சேத்துப் பின்னடிச்சு வெச்சிருக்கு, மரத்தால அந்தப் பக்கத்தைத் தொறந்து படிக்க முடியலை, எப்போ பூக்கணும்ங்கறது அப்படி ஒரு பக்கம்னா. கதிர் பட்டா எழுத்தே மாறும், குளிர்ல கெடந்தா எழுத்து அப்படியே இருக்கும், பின்னு மட்டும் விழும். அனேகமா நீங்க சொன்ன அந்த நாப்பத்தொரு நாள் ஃப்ரிட்ஜுல கெடந்தப்போ விழுந்த பின்னுதான், குச்சி மரமானப்புறமும் கழலலைன்னா. இதுக்கு ஒரு நீளமான பேரும் சொன்னா, முன்பல்லு இருக்கறவங்கதான் அதைச் சொல்ல முடியும். அனேகமான்னா என்னம்மா அர்த்தம்னேன். இன்னும் ரெண்டு வருஷம் பாத்தாத்தான் அடிச்சுச் சொல்ல முடியும், அதுக்கு மரம் நிக்கணும் ஐயான்னா. நின்னாத்தானே. வெள்ளிக்கிழமை வெட்ட ரம்பத்துக்குச் சொல்லி வெச்சிருந்தான் சதவீதம்.

நான் கையெழுத்துப் போடாததால புதன்கிழமை விசாரணை. மேலிடத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, அறைக்குள்ள கூட குடையைக் கையில பிடிச்சுக்கிட்டு. இருபத்துநாலையும் ஒரே நாள் ஒட்டினதாப் பதிவேடு சொல்லுதே, ஃப்ரிட்ஜு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. அப்பத்தான்டா எனக்கே தெரியும், அந்த யோக்கியன் நாப்பத்தொரு நாளையும் முழுங்கிட்டு எல்லாத்துக்கும் ஒரே தேதி எழுதி வெச்சிருக்கான். பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவனைப் பாத்திருக்கேன், இவன் தோட்டத்தையே சோத்துல மறைச்சிருக்கான். கண்ணாடிக்காரி வாயைத் தொறந்தா, நீ அப்போ இங்க வேலையிலேயே இல்லையேன்னு சதவீதம் அடக்கிட்டான். பெரியவருக்கு ஞாபகம் அறுபது சதவீதம்தான் மேடம்னு என்னைப் பாத்து இளிச்சான். அம்மா எங்கிட்ட திரும்பி, உங்க பக்கம் ஆதாரம் ஏதாவது இருக்கா பெரியவரேன்னாங்க. ஒண்ணும் இல்லைங்கம்மா, டைரக்டர் சாருக்கு அழகா ஒரு போட்டோ இருக்கு, அவர் ரூம்ல அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருக்காரு, நீங்க பாக்காம போனா அவர் மனசு சங்கடப்படும்னேன். அந்த மக்கு, நான் காக்கா பிடிக்கறேன்னு நெனச்சு, அட அதுவான்னு தானே போய்க் கழட்டிக் கொண்டு வந்து தொடைச்சு வேற நீட்டினான்.

போட்டோல விருந்தாளி இளிக்கிறாரு, பின்னாடி துணி பேனர்ல விழாத் தேதி கொட்டை எழுத்துல இருக்கு. அவர் கையில ஒரு குச்சி, முன்னாடி மேஜையில ஈரச்சாக்கு மேல மீதிக் குச்சிங்க வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணுலயும் நான் கட்டின தகர நம்பர். அம்மா குடையை மேஜை மேல வெச்சுட்டு விரலை வெச்சு எண்ணினாங்க, பதிமூணு, பதினாலுன்னு இருபத்துநாலு வரைக்கும் சத்தமா. அப்புறம் பதிவேட்டுத் தேதியைப் பாத்தாங்க, பேனர் தேதியைப் பாத்தாங்க, நடுவுல நாப்பத்தொரு நாள், இது எத்தனை சதவீதம் சரின்னு சதவீதத்தைக் கேட்டாங்க. அந்த அம்மாவுக்கு அந்தப் பேரு தெரியாது, சத்தியமா நான் சொல்லலை.

மரம் பன்னெண்டும் நிக்குது. ரெண்டு வருஷம் கண்ணாடிக்காரி பாத்து எழுதணும்னு உத்தரவு. சதவீதத்துக்கு வேற ஊருக்கு மாத்தலாம்னு பேச்சு, எங்க போனாலும் அங்க இருக்கற மரத்துக்கு என் அனுதாபம். உங்களுக்கு என்ன வேணும் பெரியவரேன்னு அம்மா கேட்டாங்க. ஒட்டு கட்டினவன் கை தவறலைன்னு பதிவேட்டுல ஒரு வரி, அதைத் தேதி எழுதின டைரக்டர் சாரே எழுதணும்னேன். எழுதினான், வேப்பெண்ணெய் குடிச்ச மூஞ்சியோட. எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. நான் கீழ ஒரு கையெழுத்துப் போட்டேன், நீ போடச் சொன்னியே, அதான் போட்டுட்டேன்.

ஆனா ஒண்ணுடா. அவன் என்னைக் கண்ணு தெரியாதவன்னது எனக்குக் கொசுக்கடி, அவன் யாரு, நாளைக்கு வேற ஊர்ல வேற டீயைச் சூடு பாப்பான். நீ ஒருவேளைன்னு ஒரு வார்த்தை இழுத்தியே, அது அன்னிலேர்ந்து சோத்துல கல்லு மாதிரி கெடக்கு. திட்டறேன்னு நெனைக்காதே, திட்டத்தான் திட்டறேன், ஆனா கோவத்துல இல்லை. உங்கம்மாகிட்ட இதைச் சொல்லலை, சொன்னா உன் பக்கம் பேசுவா. ஓய்வானதும் அங்க வான்னு கூப்பிட்டதுக்கு வரேன், ஒரு மாசம் மட்டும், அப்புறம் ரெண்டு வருஷமும் இங்க இருந்து மரத்தைப் பாத்துக்கணும், கண்ணாடிக்காரிக்கு ஏணி ஏறத் தெரியாது.

நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாம, சண்டை போட்டாலும் சாப்பாட்டுக்குள்ள சமாதானமாகி, நூறு வருஷம் இருக்கணும். பேத்திக்கு முளைக்கிற பல்லு வரிசையா முளைக்கணும். வேலையில யாரையாவது குத்தம் சொல்ல வேண்டி வந்தா, முதல்ல போய் அவன் செஞ்சதைத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லு. மறக்காம ஒண்ணு பண்ணு. சதவீதமே எழுதிட்டான், நீயும் எழுது, அப்பா கை தவறலைன்னு ஒரே ஒரு வரி. போன் வேண்டாம், பேனாவால எழுது, கொஞ்சம் பெரிய எழுத்தா. உனக்கு இன்னும் அந்த ஒருவேளை போகலைன்னா பொய்யா எழுதாதே, ஒண்ணும் எழுதாம வெறும் காகிதத்தை மடிச்சு அனுப்பு, நான் படிச்சுக்கறேன்.

தபாலை எதிர்பாத்து,
உன்னைப் பெத்த தொல்லை,
அப்பா