லண்டனில் மாட்டிக்கொண்ட என் வீட்டுக்காரருக்கு

என்னங்க,

கடிதத்திலும் இப்படித்தான் கூப்பிட வருகிறது. பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இனிமேலா பழகப் போகிறேன்? நான் சாப்பிட்டேன், நம் மகள் நன்றாக இருக்கிறாள், கடையைத் திறந்து நடத்திக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் முதலில் சொன்னால்தான் நீங்கள் மேற்கொண்டு காது கொடுப்பீர்கள்.

போன வியாழக்கிழமை உங்களிடமிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. சித்திரையில் போனவரிடமிருந்து கார்த்திகையில் மெயில். கடையில் ஒருவர் பட்டா நகலுக்காக நின்றிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டுத் திறந்தேன். இங்கிலீஷில் இருந்தது. நீங்கள் லண்டன் போயிருக்கிறீர்களாம். பையும் பாஸ்போர்ட்டும் திருடு போய்விட்டனவாம். ஓட்டல்காரன் வெளியே விடமாட்டேன் என்கிறானாம். அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டுமாம்.

அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. செங்கல்பட்டு தாண்டினாலே "எப்போ ஊட்டுக்குப் போறது?" என்று கேட்கிற ஆள் நீங்கள். திண்டிவனத்தில் பாதிப் பேருக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துவிட்டு, உங்களுக்கென்று ஒன்று போட்டுக்கொள்ளவில்லை. லண்டனில் ரொம்பக் குளிராமே? நீங்கள் இருக்கும் இடம் எப்படி?

உங்கள் மெயிலுக்குள் எவனோ புகுந்துவிட்டான். புகாமல் என்ன செய்வான்? டீ குடிக்கப் போகும்போது வந்தவர்கள் காத்திருக்கக் கூடாதென்று, பாஸ்வேர்டை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்தவர் நீங்கள். "நீங்களே தொறந்து பிரிண்ட் எடுத்துக்குங்க" என்று கடையையே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போவீர்கள். என் பெயரும் நம் கல்யாண வருஷமும்தான் பாஸ்வேர்ட் என்பது பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். எத்தனை முறை கிழித்துப் போட்டேன்! போட்ட கையோடு மறுபடி ஒட்டுவீர்கள்.

பிரிண்ட் எடுக்க வருகிற எல்லோரும் அந்த மெயிலுக்குத்தானே அனுப்புவார்கள்? கண்டாச்சிபுரத்துக் கல்யாணப் பத்திரிகைக்காரர் முதல் காலேஜ் பிள்ளைகள் வரை, என்றைக்கோ ஒரு தாள் அனுப்பியவர்களுக்குக்கூட உங்கள் லண்டன் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. போன்மேல் போன். "செத்த மனுசன் பேர்ல இப்படியா பண்ணுவானுங்க?" என்று திட்டினார்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை. சாயங்காலம் குவைத்திலிருந்து ஏழுமலை கூப்பிட்டான். அனந்தபுரத்து ஏழுமலை, நீங்கள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பி வைத்தவன்.

"அண்ணி, அண்ணன் லண்டன்ல மாட்டிக்கினாராமே? ரூம்ல ஒருத்தர் படிச்சிச் சொன்னாரு. ரொம்ப பேஜாரா பூடுச்சு எனக்கு. சம்பளம் வந்திருக்குது, காலைல மொதல் வேலையா அனுப்பிடறேன்."

"அது பொய் ஏழுமலை. எவனோ திருடன் அனுப்பிக்கினு இருக்கான்."

"மறைக்காதீங்க அண்ணி. போன மாசம் எங்கம்மா ஜெராக்ஸ் எடுக்க வந்தப்ப நீங்கதான சொன்னீங்க, அண்ணன் வெளியூர் போயிருக்காருன்னு?"

சொன்னேன்தான். "அண்ணன் இல்லியா?" என்று யார் கேட்டாலும் வெளியே போயிருக்கிறார் என்றுதான் சொல்லி வருகிறேன். ஊருக்கு உங்கள் தம்பி சொன்னார், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சொன்னது. என் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் சொல்லாத வரைக்கும் நீங்கள் டீ குடிக்கத்தான் போயிருக்கிறீர்கள் என்று ஒரு நினைப்பு. நான் வெளியூர் வரைக்கும்தான் அனுப்பினேன். அந்தத் திருடன் லண்டன் வரைக்கும் அனுப்பிவிட்டான்.

"அவரு இல்ல ஏழுமலை."

"இல்லன்னா? எங்க இருக்காரு?"

என்ன செய்வேன் சொல்லுங்கள். அந்த வெயிலில் நின்று அவன் சம்பாதித்தது, விடிந்தால் எவன் கைக்கோ போய்விடும்.

"உங்க அண்ணன் செத்துட்டாருப்பா. சித்திரையில. மாரடைப்பு."

அவன் அழுதான். நானும் அழுதேன், காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை. கடை விளக்கைப் போடவும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மகள் விழுப்புரத்தில் காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, அப்பா போன் எங்க? ஓடிபி அதுக்குத்தான் வரும். ஜல்தி எடு" என்றாள். உங்கள் போனை நான் அணைக்கவே இல்லை. சார்ஜ் போடுகிறேன், ரீசார்ஜும் செய்கிறேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை, உங்களைப் போலவே. ஓடிபி வந்தது, பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். புதியதை உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன், ஒட்டிவிடுவீர்கள்.

"இந்த ஐடியையே மூடிடலாமாம்மா?"

"வேணாம். மொதல்ல எல்லாருக்கும் ஒரு மெயில் போடணும்."

நீங்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து நானே அடித்தேன். "என் கணவர் லண்டனில் இல்லை. சித்திரை மாதம் காலமாகிவிட்டார். யாரும் பணம் அனுப்ப வேண்டாம். கடை திறந்திருக்கிறது. பிரிண்டுக்கு இதே மெயிலுக்கு அனுப்பலாம்." மகள் என் தோளில் கை வைத்திருந்தாள். இருக்கிற பெயர்களையெல்லாம் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

உடனே மேசைமேல் இருந்த என் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தால் உங்கள் பெயர். அந்த மெயில் போன கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதை மறந்தே போனேன். திறந்து, நான் எழுதியதையே முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். நீங்களே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னது போல இருந்தது.

சரிங்க. இனிமேல் அண்ணன் எங்கே என்று யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சத்தியமாக. உங்கள் போனுக்கு மட்டும் இந்த மாதமும் ரீசார்ஜ் போடுவேன். அதற்கு ஒன்றும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டுக்கே தெரிந்த பாஸ்வேர்டான
உங்கள் வீட்டுக்காரி செல்வி