மனுவில் நான் சேர்த்த வார்த்தை

அகராதியும் கையுமாய் அலைந்த என் அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் பிந்தி வந்தாலும் உன் மகன் கண்ணன் ஒரு வழியாக நடவை முடித்துவிட்டான். அப்பனைப் போலவே அவனும் கடைசி வயலை நட்டு முடிக்கிற வரை யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி நன்றாக இருக்கிறார்கள். உன்னைத் திட்டுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

போன வாரம் உன் தகரப் பெட்டியைத் திறந்தோம். அடங்கல் நகல், வாய்தா சீட்டுகள், விவசாய சங்கத்துத் துண்டறிக்கைகள் எல்லாவற்றுக்கும் அடியில் நம் வார்த்தை நோட்டு இருந்தது. அதை நீ எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாய் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், அண்ணி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

திருவாரூர்த் தேர்த் திருவிழாவில் பழைய புத்தகக் கடையில் அந்த இங்கிலீஷ் அகராதியை வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? அட்டையும் கிடையாது, முன்பக்கங்களும் கிடையாது. 'பி' எழுத்தில்தான் தொடங்கும். அதனால் 'ஏ'யில் தொடங்கும் பெரிய வார்த்தைகள் கடைசி வரை நமக்கு ஒட்டவே இல்லை. அப்பா செத்து, பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு நீ ஏர் பிடித்த வருஷம் அது. நான் பஸ் ஏறி டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தேன். காலையில் ஆளுக்கொரு வார்த்தை எடுத்து நோட்டில் எழுதுவோம். விளக்கு வைப்பதற்குள் அதை எங்காவது பேசிக் காட்டிவிட வேண்டும். தோற்றவர் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டும். பேச ஆள் கிடைக்காத நாளில் நீ எருமையிடம் பேசிவிட்டு வந்து சத்தியம் செய்வாய். எருமை சாட்சி சொல்லாது என்கிற தைரியம்தான்.

'லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்டு' என்று ஒருநாள் எடுத்து வந்தேன். ஒரு கல்லையும் புரட்டாமல் விடாதே என்றால் எல்லா முயற்சியும் செய்து பார் என்று பொருள் என்றேன். "நம்மூரு களிமண்ணுல கல்லுக்கு எங்கடி போவேன்? வெள்ளைக்காரன் ஊருல வயலு பூரா கல்லா இருக்குமோ?" என்று கேட்டாய். அன்றைக்கு முழுவதும் அதே யோசனைதான் உனக்கு. ஒரு ஊர்க்காரன் பேச்சில் கல் வருகிறது, இன்னொரு ஊர்க்காரன் பேச்சில் சேறு வருகிறது, அது ஏன் மலர் என்று சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே கேட்டாய். எனக்கு எப்படித் தெரியும்?

'தமிழ் வாழ்க' என்று நீயே எழுதிய சுவரில் சாய்ந்துகொண்டு இங்கிலீஷ் அகராதி படித்தவன் நீ. அதற்காக நான் செய்யாத கிண்டலா? ஆட்சி மாறிவிட்டது, ஆபீஸில் தமிழ் வந்துவிட்டது, இன்னும் எதற்கு இது என்றால், "மிராசுதாரு வக்கீல் நோட்டீசு தமிழ்லயா வருது?" என்பாய். அதுவும் நியாயம்தான்.

அந்த நோட்டீஸ் வந்த கதைதான் இன்று வரை என் நெஞ்சில் கிடக்கிறது. குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிச் சட்டம் வந்திருந்தது. சொந்த உடம்பால் உழுது பயிர் செய்கிறவன் பெயர்தான் ஏறும். நீ உழவில்லை, ஆள் வைத்துச் செய்கிறாய் என்று மேலத்தெரு மிராசுதார் ஆட்சேபம் எழுதிப் போட்டார். பெயர் ஏறாவிட்டால் அப்பா காலத்திலிருந்து நம் குத்தகையில் இருந்த நிலம் போய்விடும். நமக்கு வேறு கதியில்லை.

மனுவை இங்கிலீஷில்தான் போடுவது என்று பிடிவாதமாக நின்றாய். நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆனால் மறுநாள் இன்ஸ்டிடியூட்டில் டைப் அடிக்கும்போது, அண்ணே, 'மை லேபர்' என்று நீ மொட்டையாகச் சொன்ன இடத்தில் உன்னைக் கேட்காமல் நானாக ஒரு வார்த்தையை நுழைத்துவிட்டேன். 'இன்டிஃபாட்டிகபிள்'. இன்ஸ்டிடியூட்டில் பயிற்சிக்குக் கொடுத்த தாளில் அதைப் பார்த்ததிலிருந்து ஆசை. சளைக்காத உழைப்பு என்று உன்னைப் பற்றி எங்காவது ஒரு காகிதத்தில் இருக்கட்டுமே என்று தோன்றியது. வரப்பில் நின்று ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டாய். படித்தே பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

விசாரணையில் மிராசுதாரின் வக்கீல் நேராக அதிலேயே கை வைத்தார்.

"ஐயா, இந்த வார்த்தையைப் பாருங்க. சேத்துல நிக்கிறவன் எழுதுற வார்த்தையா இது? வேற யாராவது எழுதிக் குடுத்திருந்தா மனுவே பொய்யி. இவரே எழுதினதுன்னா இவரு படிச்ச ஆளு, ஆள் வச்சு வேலை வாங்குறவரு. எப்படிப் பார்த்தாலும் பேரு ஏறக் கூடாதுங்க."

விசாரித்த அதிகாரி உன்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எழுதுனதாப்பா?"

"ஆமாங்கய்யா."

"அர்த்தம் சொல்லு."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன் நான். நீ பார்த்தே இராத வார்த்தைக்கு என்ன சொல்வாய்? எழுந்து நின்று நான்தான் சேர்த்தேன் என்று சொல்லிவிடலாமா, சொன்னால் மனுவே பொய்யென்று ஆகிவிடுமே என்று தவித்துக்கொண்டிருந்தேன். நீயோ யோசிக்கக்கூட இல்லை.

"சளைக்காததுன்னு அர்த்தங்கய்யா. எவ்வளவு செஞ்சாலும் அலுத்து உக்காராத உழைப்பு."

வக்கீல் சிரித்தார். "பாத்தீங்களா? இவரா உழவரு?"

அதிகாரி மனுவை மடித்து வைத்தார். பிறகு, "காலையில வயலுக்குப் போனியா? என்ன வேலை பாத்தே? இங்கிலீஷ்லயே சொல்லு" என்றார்.

'ஐ வென்ட் டு தி ஃபீல்ட்' வரைக்கும் நன்றாகத்தான் போனாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நம் நோட்டில் நீதி, சூழ்ச்சி, மாட்சிமை எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் இருந்தது. நாற்று முடிக்கு இருந்ததா? பிறகு எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தமிழில் கொட்டினாய்.

"நாத்துப் பறிச்சு முடி கட்டி வச்சேங்க. வரப்போரம் புல்லைச் செதுக்கி அண்டை வெட்டுனேன். மேல வயலுக்காரரு மடையைத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டாரு, அதை அடைச்சிட்டு ஓடியாறேன். தண்ணி ஏறுச்சுன்னா நட்ட நாத்து மிதந்துடுங்க. சீக்கிரம் உத்தரவு குடுத்தீங்கன்னா நான் போவணும்."

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "இவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்சவனுக்கு நாத்துக்கு இங்கிலீஷ் தெரியலைன்னா, அவன் நாத்தை அகராதியில பாக்கல வக்கீல் சார், கையில பிடிச்சிருக்கான்" என்றார். அப்புறம் வயலையும் வந்து பார்த்தார், அக்கம்பக்கம் விசாரித்தார். உன் பெயர் ஏறியது.

வீட்டுக்கு வரும் வழியில் நீ சந்தோஷமாகவே இல்லை. "நாத்துக்கு இங்கிலீஷ்ல என்ன மலரு?" என்று கேட்டாய். வந்ததும் அகராதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். 'சீட்லிங்' என்று இருந்தது. "மாங்கன்னும் அதுதானாம், தக்காளியும் அதுதானாம்!" என்று உனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! மிராசுதார் மேல்கூட நீ அப்படிக் கோபப்பட்டதில்லை.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து நீ தனியாக ஒரு பட்டியல் போட்டிருப்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இடப்பக்கம் நம் வயல் வார்த்தைகள், வலப்பக்கம் இங்கிலீஷ். பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. கடைமடைக்கு 'டெயில் எண்ட்' என்று எழுதி அடித்துவிட்டு, 'வாலாம்! வந்து ஒரு வருஷம் தண்ணிக்குக் காத்திருந்து பார்க்கட்டும்' என்று கிறுக்கியிருக்கிறாய். கடைசிப் பக்கங்களில் எழுத்து நடுங்கியிருக்கிறது. இந்த வயதிலுமா தேடினாய்? யாரிடம் கேட்டாய்?

ஆனால் நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதது அதற்காக இல்லை. இத்தனை வருஷமாக உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன். அந்த வார்த்தை உனக்கு எப்படித் தெரியும்? கேட்டால் திருட்டுத்தனம் வெளியே வந்துவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி வேறு ஊர் போனேன், ஸ்டெனோ வேலை பார்த்து ஓய்வும் பெற்றேன், அப்போதும் கேட்கவில்லை. நிலத்தைக் கவிழ்க்க இருந்தது என் ஆசைதானே?

நோட்டின் நடுவில், 'வாய்தாவுக்கு முதல் நாள்' என்று தலைப்பிட்டு, உன் கோணல் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை இருக்கிறது.

'இன்டிஃபாட்டிகபிள் - சளைக்காத. சங்க ஆபீஸில் மனு நகலில் பார்த்தது. நான் சொல்லவில்லை. மலர் போட்டிருக்கிறாள். அங்கிருந்த அகராதியிலேயே அர்த்தம் பார்த்தேன். வம்பு வந்தாலும் வரும். இருக்கட்டும்.'

தெரிந்தேதான் போய் நின்றாயா, அண்ணே? இதை ஒருநாள் என்னிடம் சொல்லித் தொலைத்தால் என்ன?

உன் பேத்தி இப்போது திருவாரூரில் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிறாள். நோட்டைப் பார்த்ததிலிருந்து விட மாட்டேன் என்கிறாள். "அத்தப்பாட்டி, அண்டைக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியல" என்று போன் செய்து சிரிக்கிறாள். அவளுக்காக நோட்டு முழுவதையும் டைப் அடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நீ கோடு போட்டு அடித்ததை அடித்தபடியே, காலியாக விட்டதைக் காலியாகவே அடிக்கிறேன். இந்தத் தடவை உனக்குத் தெரியாமல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன். சத்தியம்.

எருமையைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் சத்தியம் செய்யும்,
உன் தங்கை
மலர்