கேனை அவிழ்த்த நாள்

அன்புள்ள அம்மணிக்கு,

நீ பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தாராபுரத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. கிணற்று மோட்டாரைச் சரிசெய்துவிட்டேன். தென்னைக்கு நேற்றுத் தண்ணீர் விட்டேன். இல்லை, இதைச் சொல்ல உட்காரவில்லை. போனில் இரண்டு முறை சொல்ல வந்து, மோட்டார் பேச்சைப் பேசி வைத்துவிட்டேன்.

நீச்சல் பழக்கும்போது, முதுகில் கட்டிய காலிக் கேனைச் சொல்லாமல் அவிழ்த்துவிட்டால்தான் பயம் போகும் என்று என்னைப் பெற்ற அய்யன் எனக்கு அப்படித்தான் செய்தார். நானும் நம் கிணற்றில் பாப்பாவுக்கு அப்படியே செய்தேன். அவள் முங்கினாள், நான் குதித்துத் தூக்கினேன் என்று ஊரே சொல்கிறது. "மாமா, நீங்க இல்லீன்னா புள்ளயே இல்லீங்க" என்று உன் தம்பி கும்பிட்டான்.

குதித்தது நிஜம். "அப்பா, உட்றாதீங்க" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமே உள்ளே போனோம். மூக்கில் தண்ணீர் ஏறியது.

அவள் மணிக்கட்டில் இருக்கிற நகக்காயம் தூக்கும்போது பட்டதல்ல. என் கழுத்திலிருந்து அவள் கையைப் பிய்த்தெடுத்தபோது பட்டது. நான் மேலே வந்து படியைப் பிடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். மிதந்துகொண்டிருந்த கேனை அவளே பிடித்திருந்தாள்.

காயத்துக்கு மருந்து போடுகிறாயா?

"தண்ணி பயம் இன்னும் போகலீங்க, அதான் போன்ல உங்ககிட்டப் பேச மாட்டேங்கறா" என்று நேற்றும் சொன்னாய்.

தண்ணீருக்குள் அவள் கண் திறந்துதான் இருந்தது, அம்மணி.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா