ஒட்டடைப் புகார்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

பால்கனிச் சிலந்தி செத்துவிட்டது. அரிசி அளவுதான் இருக்கும். சிவப்பும் நீலமுமாக மினுங்கும். வலை கட்டிக் காத்திருக்கிற ஜாதி இல்லை, கம்பிக்குக் கம்பி தாவி இரை பிடிக்கும். ஒரு மாதமாகக் காலைக் காபிக்கு எனக்குத் துணை அதுதான். எவர்சில்வர் டம்ளரில் தன்னையே பார்த்துவிட்டால் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கும்.

குரோம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வீடு வந்தால் பால்கனி முழுக்க மருந்து நாற்றம். மருந்து அடிக்க வந்தவர்களுக்கு இவர்தான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது.

"ஒரு பூச்சிக்குப் போய் இப்படியா?" என்றார் இவர்.

நேரே கீழே போய் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் கத்தினேன். அவர் நிதானமாக ஃபைலைத் திறந்தார்.

"டீச்சர், மாடிப்படியெல்லாம் ஒட்டடை, சிலந்தித் தொல்லை, உடனே மருந்து அடிக்கணும்னு எழுதிக் குடுத்ததே நீங்கதானே? மொத கையெழுத்தும் உங்களோடதுதான்."

என்னுடையதுதான். தீபாவளிக்கு வரும் நாத்தனார் படியேறும்போதே ஏதாவது சொல்வாள் என்று பயந்து எழுதியது. 'சிலந்தி' என்று பொதுவாக எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள்.

திரும்பி ஏறும்போது நிமிர்ந்து பார்த்தேன். படி மூலையில் அந்த ஒட்டடை அப்படியே தொங்குகிறது. நடுவில் அதைக் கட்டியவளும் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறாள். மருந்துக் குழாய் அவ்வளவு உயரம் எட்டவில்லையாம்.