கைதட்டிய பிறகு மீதிப்பாதி

அன்புள்ள சுந்தரிக்கு,

உன் தோள்வலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

நேத்து இந்த தோஹா ஹோட்டல்ல, வயலினுக்குன்னு நானே போட்ட மெட்டை வாசிச்சேன். நடுவுல கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம விட்டிருந்தேன். சங்கரன்கோவில்ல கரண்டு போனா, திரும்ப வரும்னு விசைத்தறிப் பக்கத்துலயே உக்காந்திருப்போம்லா, அந்த மாதிரி. இங்கன முடிஞ்சிட்டுன்னு கைதட்டிட்டு, எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. வில்லைத் தூக்கினபடியே நின்னேன். நீ பாத்திருந்தா சிரிச்சிருப்பே.

உனக்காகப் போட்டது, வாசிக்காமலே போன அந்த மீதிப்பாதிதான். வார்த்தை இல்லாமலே எல்லாத்தையும் சொல்லிரலாம்னு நம்பி வந்தேன். அந்த நம்பிக்கை போயிட்டு. இப்ப கை எழும்பவே மாட்டேங்குது.

மேனேஜர் கூப்பிடுதாரு. அடுத்தவாட்டி கரண்டு போற நேரத்துக்கு முன்னாடியே தறிச் சத்தத்தைப் போன்ல பதிவு பண்ண ஆரம்பிச்சு, எனக்கு அனுப்பு. தறி நின்ன பிறகும் பதிவை நிறுத்தாதே. நீ பேச வேண்டாம். ஒருத்தராவது காத்துக்கிட்டு இருக்குத சத்தம் எனக்குக் கேக்கணும்.

இசக்கித்துரை