கல் நடாத இடம்

நான்காம் மாதம் 9, 1868

மரியாதைக்குரிய ஈனோக் யார்னல் அவர்களுக்கு,

உங்கள் ஆட்கள் குன்றில் அடித்த முளைக்குச்சிகளில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. நான் முதலில் பார்த்தது அந்தத் துணியைத்தான். உங்கள் காகித ஆலையில், கூழாக அரைக்கும் கந்தல் கிடக்கும் அறையில், நான் பிரித்துப் போட்ட துணி. பிறகுதான் ஒரு குச்சி நிற்கும் இடத்தைக் கவனித்தேன். அங்கே என் அம்மா இருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய பெரும்பனியில், சபை இடுகாட்டுக்குப் போக வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்தோம். நம் சபையில் கல்லறைக்குக் கல் நடுவதில்லை. அதனால் நிலம் அளப்பவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்டுகிறார்களாம்.

எழுதப் பயமாக இருந்தது. "ஈனோக்குக்கு எழுத என்னடி பயம்? சபைக் கூட்டத்துல நம்ம பெஞ்சுல உக்காந்து தூங்குறவன்தானே" என்றார் அப்பா. தூங்குவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கெசையா ஹூப்ஸ்

நான்காம் மாதம் 11

கெசையா,

'நீங்கள்', 'மரியாதைக்குரிய' எல்லாம் எதற்கு? எல்லோரும் சமம் என்னும் நம் சபையில் யாரையும் அப்படி அழைப்பதில்லை. என்னை 'நீ' என்றே எழுது. தூங்குவது உண்மைதான்.

குன்றை எனக்கு விற்றவன் இதைச் சொல்லவே இல்லை. பத்து வயதில் பள்ளியை விட்டு, வீடு வீடாகக் கந்தல் வாங்கித் திரிந்தவன் நான். அதில் சம்பாதித்ததைக் கொண்டு ஒரு பல்கலைக்கழகம் எழும்ப வேண்டும் என்பது என் ஆசை. அது உன் அம்மாவின் மேல் எழும்ப வேண்டாம். கட்டடத்தைத் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டேன். எவ்வளவு தள்ளி என்று அளப்பவர் கேட்கிறார். நாளைக் காலை போய் இடத்தைக் காட்டு. ஆலையில் சொல்லிவிட்டேன். எனக்கு மூட்டுவலி, வர முடியாது. நடந்ததை எழுது.

ஈனோக்

நான்காம் மாதம் 13

ஈனோக்,

'நீ' என்று எழுத வராமல் மூன்று தாள் வீணாயிற்று. உன் ஆலைத் தாள்தான்.

குச்சிகளையெல்லாம் பிடுங்கி, ஓடைப் பக்கமாக நாற்பது தப்படி தள்ளி அடித்துவிட்டார்கள். அப்பா நேற்று இரண்டு கிண்ணம் பீன்ஸ் சூப் குடித்தார். பல நாளுக்குப் பிறகு சாப்பாட்டில் உப்புக் குறை என்று சண்டை போட்டார்.

எப்படிக் காட்டினேன் என்று கேட்பாய். அங்கே ஆறு ஆண்கள் நின்றார்கள். அளப்பவர் நல்லவர்தான். "கல்லும் இல்ல, பலகையும் இல்ல. தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லும்மா, குறிச்சுக்கிறேன்" என்றார். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. "இது ஊமைப் பொண்ணா?" என்று ஒருவன் சிரித்தான்.

தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தேன். ஈரப் புல்லில், அம்மாவுக்குப் பக்கத்தில், அவளைப் படுக்கவைத்த வாக்கிலேயே நேராகப் படுத்துக்கொண்டேன்.

கெசையா